'வென்', 'இஃப்' வந்தால் 'வில்' வருமா? சார்பு வாக்கியங்களில் மோடல் வெர்ப் போடும் முறை

'கேன்', 'குட்', 'வில்', 'வுட்', 'ஷல்', 'ஷுட்', 'மே', 'மைட்', 'மஸ்ட்' என்ற ஒன்பதையும் ஆங்கிலத்தில் மோடல் வெர்ப் என்கிறார்கள். முடியும், வேண்டும், நடக்கலாம் போன்ற பொருள்களை வினையோடு சேர்க்கும் துணைவினைகள் இவை. 'ஆட் டு' என்பதையும் பலர் இவற்றோடு சேர்த்துக்கொள்வார்கள். தனி வாக்கியத்தில் இவை பெரிதாகத் தொல்லை தருவதில்லை. 'ஐ வில் கம்', 'யூ மஸ்ட் ஈட்' என்று ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே சொல்ல வந்துவிடும். ஒரு வாக்கியத்துக்குள் இன்னொன்று நுழையும்போதுதான் குழப்பம். 'ஐ வில் கால் யூ வென் ஐ வில் ரீச் ஹோம்' என்றால் தவறு. 'ஐ டோன்ட் நோ வென் ஐ வில் ரீச் ஹோம்' என்றால் சரி. இரண்டிலும் 'வென்' இருக்கிறது, இரண்டிலும் 'வில்' இருக்கிறது. பிறகு ஏன் இந்த ஓரவஞ்சனை?

மோடலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் இதற்கு விடை கிடைக்காது. அது இருக்கும் துண்டு வாக்கியம் அங்கே என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். பள்ளி இலக்கணப் புத்தகங்கள் 'வென் வந்தால் வில் போடாதே' என்று இணைப்புச் சொல்லை வைத்து விதி சொல்லிவிடுகின்றன. அந்த விதி பாதி நேரம் காலை வாரிவிடும்.

ஆங்கில உதாரணங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கண்ணால் மட்டும் படிக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இலக்கணத்தில் பாதி காது வழியாகத்தான் உள்ளே போகிறது.

படி 1: வாக்கியத்தை இரண்டாகப் பிரியுங்கள்

தனியாக நிற்கக்கூடிய பகுதியை முதன்மை வாக்கியம் என்றும், அதைச் சார்ந்து நிற்பதைச் சார்பு வாக்கியம் என்றும் வைத்துக்கொள்வோம். மெயின் கிளாஸ், சப்ஆர்டினேட் கிளாஸ் என்று பள்ளியில் படித்தது இதைத்தான். 'வென்', 'இஃப்', 'பிகாஸ்', 'ஆல்தோ', 'தட்', 'ஸோ தட்', 'ஹூ' போன்ற சொற்கள் சார்பு வாக்கியத்தின் தலையில் நிற்கும். 'தட்' மட்டும் அடிக்கடி காணாமல் போகும். 'ஹீ செட் ஹீ வாஸ் டயர்ட்' என்பதில் 'செட்'டுக்கு அடுத்து ஒரு 'தட்' ஒளிந்திருக்கிறது.

படி 2: அது காலமா, நிபந்தனையா என்று பாருங்கள்

சார்பு வாக்கியம் ஒரு செயல் நடக்கும் நேரத்தையோ அதற்கான நிபந்தனையையோ சொன்னால், எதிர்காலத்தைக் குறிக்கும் 'வில்' அங்கே வராது. நிகழ்கால வடிவமே போதும்.

'ஐ வில் கால் யூ வென் ஐ ரீச் ஹோம்.'
'வீ வில் ஸ்டார்ட் ஆஃப்டர் ஷீ கம்ஸ்.'
'இஃப் இட் ரெயின்ஸ், தே வில் கேன்சல் தி மேட்ச்.'
'ஸ்டே ஹியர் அன்டில் ஐ கம் பேக்.'

'பிஃபோர்', 'ஆஸ் சூன் ஆஸ்', 'பை தி டைம்', 'அன்லெஸ்', 'இன் கேஸ்' எல்லாம் இதே கூட்டம்தான். எதிர்காலம் என்ற செய்தியை முதன்மை வாக்கியமே சொல்லிவிடுகிறது, இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை.

இது நமக்கு அந்நியமான பழக்கமும் இல்லை. 'நீ வந்த பிறகு சாப்பிடலாம்' என்கிறோம். நீ இன்னும் வரவில்லை, ஆனாலும் 'வந்த' என்று இறந்தகால வடிவத்தில்தான் சொல்கிறோம். 'மழை பெய்தால்', 'வீட்டுக்குப் போனதும்' இவற்றிலும் எதிர்காலக் குறி எதுவும் கிடையாது. நம்மை ஏமாற்றுவது 'வரும்போது', 'வரும்வரை', 'வருமுன்' என்ற மூன்றும்தான். அந்த 'வரும்' எதிர்காலம் போலத் தெரிவதால் கை தானாக 'வில்' எழுதிவிடுகிறது. 'அன்டில் ஐ வில் கம்' என்ற தவறு இந்த வழியாகத்தான் வருகிறது என்பது என் ஊகம்.

தடை 'வில்', 'ஷல்' இரண்டுக்கும்தான், மோடல் எல்லாவற்றுக்கும் இல்லை. 'கேன்', 'மஸ்ட்', 'ஷுட்' தாராளமாக வரலாம். 'ஐ வில் கம் இஃப் ஐ கேன்' அழகான வாக்கியம். இதையே 'இஃப் ஐ வில் பி ஏபிள் டு' என்று இழுக்க வேண்டாம். 'மே', 'மைட்' இரண்டும் 'நடக்கலாம்' என்ற பொருளில் 'இஃப்' துண்டுக்குள் பெரும்பாலும் பொருந்தாது. சந்தேகத்தை 'இஃப்' ஏற்கெனவே சொல்லிவிட்டது. 'இஃப் இட் மே ரெயின்' வேண்டாம், 'இஃப் இட் ரெயின்ஸ்' போதும். அதுபோல 'அன்லெஸ்' என்பதிலேயே 'இல்லாவிட்டால்' இருக்கிறது. 'அன்லெஸ் யூ டோன்ட் பே' என்றால் சொல்ல வந்தது தலைகீழாகிவிடும்.

காரணம், முரண் ஆகியவற்றைச் சொல்லும் சார்பு வாக்கியங்களுக்கு இந்தத் தடை இல்லை. 'டேக் ஆன் அம்ப்ரெல்லா பிகாஸ் இட் வில் ரெயின்' சரியான ஆங்கிலம். 'ஆல்தோ ஹீ வில் பி லேட், வீ வில் வெய்ட்' என்பதும் சரிதான். 'பிகாஸ்'க்கு அப்புறமும் பயந்து 'வில்'லைக் கழற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தேவையில்லாத பயம்.

படி 3: 'வென்', 'இஃப்' இரண்டுக்கும் இரட்டை வேடம் உண்டு

இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். தொடக்கத்தில் பார்த்த முரண்பாடு இங்கேதான் தீர்கிறது.

'இஃப்' இரண்டு வேலை செய்யும். ஒன்று, நிபந்தனை போடுவது. இன்னொன்று, ஆம்-இல்லை கேள்வியை வாக்கியத்துக்குள் அடக்குவது. இரண்டாவது வேலையில் அதற்குப் பதிலாக 'வெதர்' போடலாம். 'வென்' என்பதும் அப்படியே. ஓரிடத்தில் நேரம் காட்டும், இன்னோரிடத்தில் 'எப்போது?' என்ற கேள்வியாக நிற்கும். கேள்வியாக நிற்கும்போது 'வில்' வரும், எதிர்காலத்தைக் கேட்டால் வந்தே தீர வேண்டும்.

'ஐ வில் டெல் ஹிம் இஃப் ஹீ கம்ஸ்.' அவன் வந்தால் சொல்கிறேன்.
'ஐ டோன்ட் நோ இஃப் ஹீ வில் கம்.' வருவானா என்று தெரியவில்லை.

தமிழில் ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தால் போதும். 'வந்தால்', 'பெய்தால்' என்று '-ஆல்' முடிவு வந்தால் நிபந்தனை, 'வில்' வேண்டாம். 'வருவானா என்று', 'பெய்யுமா என்று' வந்தால் கேள்வி, 'வில்' போடுங்கள். 'வென்'னுக்கும் இதே சோதனைதான். 'போது', 'உடன்', 'அப்புறம்' என்று வந்தால் நேரம். 'எப்போது ... என்று' வந்தால் கேள்வி. ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்து ஒப்பேற்றும் இடத்தில் தமிழ் இரண்டு வடிவங்களை வைத்திருக்கிறது. ஆங்கிலம் கற்கும்போது தாய்மொழியை மறந்துவிட வேண்டும் என்று சொல்கிறவர்களிடம் இந்த ஓர் இடத்தையாவது காட்டலாம்.

கேள்வியை உள்ளே அடக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நேர்க்கேள்வியில் மோடல் எழுவாய்க்கு முன்னால் குதிக்கும்: 'வாட் ஷுட் ஐ டூ?' அதுவே சார்பு வாக்கியமானதும் தன் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்: 'ஐ டோன்ட் நோ வாட் ஐ ஷுட் டூ.' 'கேன் யூ டெல் மீ வேர் கேன் ஐ கெட் எ டாக்ஸி?' என்று கேட்டால் டாக்ஸி கிடைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எழுத்திலும் தேர்விலும் 'வேர் ஐ கேன் கெட் எ டாக்ஸி' என்றுதான் வர வேண்டும். தலைகீழ் நேர்க்கேள்விக்குத்தான், உள்ளே அடங்கிய கேள்விக்கு இல்லை.

படி 4: விதியை மீறும் 'இஃப் யூ வில்'

நிபந்தனையில் 'வில்' வராது என்று மனப்பாடம் செய்து முடித்த மறுநாளே யாராவது 'இஃப் யூ வில் வெய்ட் எ மினிட், ஐ வில் ஆஸ்க் தி மேனேஜர்' என்பார்கள். அவர்கள் தவறாகப் பேசவில்லை. இந்த 'வில்' எதிர்காலத்தைக் குறிக்கவில்லை, சம்மதத்தைக் கேட்கிறது. 'கொஞ்சம் காத்திருக்க முடியுமானால்' என்ற மரியாதை அதில் இருக்கிறது. இன்னும் பணிவாக 'இஃப் யூ வுட் சைன் ஹியர், ப்ளீஸ்' என்றும் வரும். ஓட்டல் வரவேற்பு மேசையில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது.

பிடிவாதத்தைச் சொல்லவும் இது வரும். 'இஃப் யூ வில் ஸ்டே அப் ஆல் நைட், நோ வண்டர் யூ ஆர் டயர்ட்.' இங்கே 'வில்'லை அழுத்திச் சொல்ல வேண்டும். ராத்திரி முழுக்க விழித்தே தீருவேன் என்று நின்றால் சோர்வு வராமல் என்ன செய்யும் என்ற கடுப்பு அந்த அழுத்தத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவது வகை கொஞ்சம் நுட்பமானது. 'இஃப் இட் வில் ஹெல்ப், ஐ வில் கம் வித் யூ.' வழக்கமாக நிபந்தனை முதலில் நடக்கும், அதன் பலன் பின்னால் வரும். இங்கே வரிசை மாறியிருக்கிறது. நான் கூட வருவது முதலில், அதனால் உதவி கிடைப்பது பிறகு. பின்னால் விளையப்போவதை 'இஃப்' துண்டு சொல்வதால் 'வில்' இடம்பிடிக்கிறது.

புதிதாகக் கற்பவர்கள் இந்த மூன்றையும் பேச வேண்டும் என்று அவசரமில்லை. கேட்டால் புரிந்தால் போதும்.

'ஷுட்' மட்டும் கையோடு கற்றுக்கொள்ள வேண்டியது. 'இஃப் யூ ஷுட் நீட் எனி ஹெல்ப், ப்ளீஸ் கால் அஸ்.' இந்த 'ஷுட்'டில் 'வேண்டும்' என்ற கட்டாயம் துளியும் இல்லை, 'ஒருவேளை' என்ற பொருள்தான். 'இஃப்'பைக் கழற்றிவிட்டு 'ஷுட் யூ நீட் எனி ஹெல்ப்' என்று தொடங்குவதும் உண்டு. அலுவலகக் கடிதங்களின் கடைசி வரியில் கேள்விக்குறி இல்லாத இந்த 'ஷுட் யூ' கண்ணில் பட்டால் அது கேள்வி இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

நடக்காமல் போனதைச் சொல்லும்போது 'இஃப் ஐ வுட் ஹாவ் நோன்' என்று அமெரிக்கப் பேச்சில் காதில் விழும். எழுதும்போது அது வேண்டாம். 'இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹாவ் கம்.' 'வுட்' முதன்மை வாக்கியத்தில் மட்டும்.

படி 5: ஒருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது

'வருவேன் என்று சொன்னான்.' தமிழில் அவன் வாயிலிருந்து வந்ததை அப்படியே வைத்து, பின்னால் 'என்று' ஒட்டிவிடுகிறோம். 'வருவேன்' மாறவே இல்லை. ஆங்கிலத்தில் 'செட்' என்று இறந்தகாலம் வந்ததும் உள்ளே இருக்கும் மோடலும் ஒரு படி பின்னால் நகரும். 'வில்' என்பது 'வுட்' ஆகும், 'கேன்' என்பது 'குட்' ஆகும், 'மே' என்பது 'மைட்' ஆகும்.

'ஹீ செட் ஹீ வுட் கம்.'
'ஷீ டோல்ட் மீ ஷீ குட் டிரைவ்.'

'குட்', 'வுட்', 'ஷுட்', 'மைட்', 'ஆட் டு' இவை நகர்வதில்லை. இதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. 'குட்', 'வுட்', 'ஷுட்', 'மைட்' நான்கும் பிறப்பிலேயே 'கேன்', 'வில்', 'ஷல்', 'மே' ஆகியவற்றின் இறந்தகால வடிவங்கள். 'ஆட்' என்பது 'கடன்பட்டிரு' என்ற பொருளுள்ள 'ஓ' வினையின் பழைய இறந்தகாலம். ஏற்கெனவே பின்னால் நிற்பதை இன்னும் எங்கே தள்ளுவது? 'மஸ்ட்' கதையும் இதுதான். பழைய ஆங்கிலத்தில் இருந்த ஒரு வினையின் இறந்தகாலம்தான் இன்று 'மஸ்ட்' ஆகியிருக்கிறது. மூல வினை செத்துவிட்டது, இது மட்டும் நிகழ்காலமாக வாழ்கிறது. அதனால் கட்டாயத்தைத் திருப்பிச் சொல்லும்போது 'ஹேட் டு' என்று கடன் வாங்குகிறார்கள்: 'ஷீ செட் ஷீ ஹேட் டு கோ.' 'மஸ்ட்' என்றே விட்டாலும் தவறில்லை. ஊகமாக இருந்தால் 'மஸ்ட்' மாறாமலே நிற்கும்: 'ஐ தாட் ஹீ மஸ்ட் பி டயர்ட்.'

'ஷல்' பொருளைப் பார்த்து நகரும். 'ஷல் ஐ ஓப்பன் தி விண்டோ?' என்று, அதாவது 'திறக்கட்டுமா?' என்று ஒருவர் கேட்டால், 'ஹீ ஆஸ்க்ட் இஃப் ஹீ ஷுட் ஓப்பன் தி விண்டோ' என்று சொல்ல வேண்டும். வெறும் எதிர்காலமாக இருந்தால் 'வுட்'.

சரி, எப்போதும் பின்னால் தள்ளியே ஆக வேண்டுமா? இல்லை. சொன்ன விஷயம் இன்னும் நடக்கவேண்டியதாக இருந்தால் 'ஷீ செட் ஷீ வில் கம் டுமாரோ' என்று விடலாம். அந்த 'டுமாரோ' கடந்து போன பிறகு சொல்வதானால் 'வுட்'தான் வேண்டும்.

இதற்குள் படி 2-ம் ஒளிந்திருக்கிறது. 'ஐ வில் கால் வென் ஐ கெட் ஹோம்' என்று ஒருவர் சொன்னார். திருப்பிச் சொன்னால்: 'ஹீ செட் ஹீ வுட் கால் வென் ஹீ காட் ஹோம்.' 'வென்' துண்டில் முன்பு 'வில்' இல்லை, இப்போது 'வுட்'டும் இல்லை.

அப்புறம், நம் ஊர் அலுவலக மின்னஞ்சல்களில் 'ஐ வுட் பி ஆன் லீவ் டுமாரோ' என்று நிறையப் பார்க்கலாம். 'வில்' முரட்டுத்தனமாகத் தெரிவதால் 'வுட்' போட்டு மென்மையாக்குகிறார்கள். இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரிகிறது. வெளிநாட்டில் படிப்பவருக்கு இது பாதி வாக்கியம் போல இருக்கும். 'எது நடந்தால் விடுப்பு?' என்று நிபந்தனையைத் தேடுவார். விடுப்பு உறுதி என்றால் 'வில்' போடுங்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

படி 6: 'அதற்காக' என்று சொல்லும் 'ஸோ தட்'

நோக்கத்தைச் சொல்லும் சார்பு வாக்கியத்தில் மோடல் கிட்டத்தட்ட வீட்டு ஆள். முதன்மை வாக்கியம் நிகழ்காலமோ எதிர்காலமோ என்றால் 'கேன்', 'வில்'. இறந்தகாலம் என்றால் 'குட்', 'வுட்'.

'ஸ்பீக் லவுட்லி ஸோ தட் எவ்ரிஒன் கேன் ஹியர்.'
'வீ லெஃப்ட் எர்லி ஸோ தட் வீ வுட் நாட் மிஸ் தி டிரெயின்.'

'மே', 'மைட்' போட்டால் கொஞ்சம் சம்பிரதாயமாகிவிடும்.

படி 7: பரிந்துரை, வற்புறுத்தல்

'சஜெஸ்ட்', 'ரெகமெண்ட்', 'இன்சிஸ்ட்', 'டிமாண்ட்' போன்ற வினைகளுக்குப் பின்னால் வரும் 'தட்' துண்டில் பிரிட்டிஷ் ஆங்கிலம் 'ஷுட்' போடும்: 'தி டாக்டர் ரெகமெண்டட் தட் ஹீ ஷுட் ரெஸ்ட்.' அமெரிக்கர்கள் அந்த 'ஷுட்'டை எடுத்துவிட்டு வினையின் மூல வடிவத்தை மட்டும் விடுவார்கள்: 'தட் ஹீ ரெஸ்ட்.' அதில் 'ரெஸ்ட்ஸ்' என்று எஸ் ஒட்டாமல் இருப்பது எழுத்துப்பிழை இல்லை, வேண்டுமென்றே செய்தது. எதிர்மறையில் 'தட் ஹீ நாட் டிரைவ்' என்று 'டஸ்' இல்லாமலே வரும். பிரிட்டனிலும் இந்த வடிவம் செல்லும். 'வுட்' மட்டும் இங்கே வேண்டாம்.

'இன்சிஸ்ட்' ஒரு தனி வேடிக்கை. 'ஷீ இன்சிஸ்டட் தட் தி டோர் வாஸ் லாக்ட்' என்றால், கதவு பூட்டியிருந்தது என்று அவள் அடித்துச் சொன்னாள். 'ஷீ இன்சிஸ்டட் தட் தி டோர் ஷுட் பி லாக்ட்' என்றால், கதவைப் பூட்டியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். சாட்சி சொல்வதற்கும் கட்டளை போடுவதற்கும் இடையே ஒரு 'ஷுட்'தான் வித்தியாசம்.

'இட் இஸ் ஸ்ட்ரேஞ்ச் தட் ஹீ ஷுட் சே தட்' என்பதில் வரும் 'ஷுட்' வெறும் வியப்புக்காக. அவன் அப்படிச் சொன்னது விசித்திரம், அவ்வளவுதான்.

படி 8: 'விஷ்', 'ஹோப்'

நம்மால் முடியாததை ஏங்கிச் சொல்ல 'குட்': 'ஐ விஷ் ஐ குட் சிங்.' அடுத்தவரோ இயற்கையோ மாறாதா என்று அலுத்துக்கொள்ள 'வுட்': 'ஐ விஷ் இட் வுட் ஸ்டாப் ரெயினிங்.' தன்னைப் பற்றியே 'ஐ விஷ் ஐ வுட்' என்று பொதுவாகச் சொல்வதில்லை. போன விஷயத்துக்கு 'குட் ஹாவ்': 'ஐ விஷ் ஐ குட் ஹாவ் கம் டு யுவர் வெட்டிங்.'

'ஹோப்' வேறு மாதிரி. நடக்கக்கூடியதை நம்பிச் சொல்வதால் 'ஐ ஹோப் யூ வில் கம்' அல்லது 'ஐ ஹோப் யூ கேன் கம்'. 'ஐ ஹோப் யூ வுட் கம்' என்று எழுதும் பழக்கம் நம்மிடம் அதிகம். 'ஹோப்ட்' என்று இறந்தகாலமாக இருந்தால் மட்டுமே 'வுட்' சரி.

'ஹூ', 'விச்' கொண்டு ஒருவரையோ ஒன்றையோ சுட்டும் சார்பு வாக்கியங்களில் பெரிய கட்டுப்பாடு இல்லை. 'தி மேன் ஹூ வில் டிரைவ் அஸ் டுமாரோ' என்று தாராளமாகச் சொல்லலாம். யாராக இருந்தாலும் என்ற பொதுப்பொருளில் மட்டும் நிகழ்காலம் வரும்: 'ஐ வில் கிவ் திஸ் டு எனிஒன் ஹூ ஆஸ்க்ஸ்.' 'யார் கேட்டாலும்' என்பதில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறதே.

இப்போது நான்கு வாக்கியங்கள். விடையைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

'கடை திறந்திருக்குமா தெரியவில்லை. மூடியிருந்தால் ஆன்லைனில் வாங்கலாம்.'
விடை: 'ஐ ஆம் நாட் ஷ்யூர் இஃப் தி ஷாப் வில் பி ஓப்பன். இஃப் இட் இஸ் குளோஸ்ட், வீ கேன் பை இட் ஆன்லைன்.' இரண்டு 'இஃப்', இரண்டு வேலை.

'வேலை முடிந்ததும் வருகிறேன் என்று அக்கா சொன்னாள்.'
விடை: 'மை சிஸ்டர் செட் ஷீ வுட் கம் ஆஸ் சூன் ஆஸ் ஷீ ஃபினிஷ்ட் வொர்க்.' 'வுட்' ஒருமுறைதான்.

'தூங்கிவிடக் கூடாதே என்று காபி குடித்தேன்.'
விடை: 'ஐ ஹேட் சம் காஃபி ஸோ தட் ஐ வுட் நாட் ஃபால் அஸ்லீப்.'

'எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று சொல்ல முடியுமா?'
விடை: 'குட் யூ டெல் மீ விச் பஸ் ஐ ஷுட் டேக்?' இங்கே 'விச் பஸ் ஷுட் ஐ' என்று வாய் போயிருந்தால் படி 3-இன் கடைசிப் பத்தியை இன்னொரு முறை பாருங்கள்.